ஒரு கரண்டித் தண்ணீர்

நான் 'சரி' என்று சொல்லவில்லை. 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ சொன்னேன். ஆச்சி அதைச் 'சரி' என்று எடுத்துக்கொண்டார்கள். விழுங்கச் சிரமப்படுகிறவர்களைப் பார்க்க ஸ்பீச் தெரபிஸ்ட்டாக வீடு வீடாகப் போகிற எனக்கு, அவர்களுக்குச் சாதாரணத் தண்ணீர் கொடுக்கலாமா என்பது புதிய கேள்வி இல்லை. ஆனாலும் பள்ளத்தூர் வீட்டுக் கேள்வி மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

பக்கவாதம் வந்த ஐயாவுக்கு, சாப்பாடு செலுத்திய மூக்குக் குழாயை எடுத்தாகிவிட்டது. மசித்த சாப்பாடும் கூழும் வாய்வழியே இறங்கின. தண்ணீரும் காப்பியும் மட்டும் பவுடர் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். அன்றைக்கு நான் போய் உட்கார்ந்ததுமே ஆச்சி கேட்டார்கள்: "ஏம்மா, அவுகளுக்கு ஒரு தடவைகூடப் புரை ஏறலையே. அப்புறமும் ஏன் சாதாத் தண்ணி கூடாதுங்கிறீங்க?"

புரை ஏறாததுதான் என் பயமே. நமக்கு மூச்சுக்குழாய்ப் பக்கம் ஒரு சொட்டுப் போனாலும் இருமல் வந்து வெளியே தள்ளிவிடும். பக்கவாதத்தில் தொண்டையின் உணர்ச்சி குறைந்துபோனவர்களுக்கு அந்த இருமலே வராது. தண்ணீர் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கும், பார்க்கிறவர்களுக்கு நன்றாகக் குடிப்பதுபோலத்தான் இருக்கும். விழுங்கியதும் 'ஆ' சொல்லச் சொன்னால் குரல் களகளவென்று ஈரமாகக் கேட்கும். சிலருக்கு அதுவும் கேட்காது, பிறகு காய்ச்சலாகத்தான் தெரியவரும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியத்தைக் கலந்து விழுங்கவைத்து எக்ஸ்ரே வீடியோ எடுக்க வேண்டும், அல்லது மூக்கு வழியாகக் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். டாக்டர் மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். ஐயா காரில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். ஆக, என்னிடம் இருந்தது என் காதும், குரல்வளை மேலே ஏறி இறங்குகிறதா என்று தொட்டுப் பார்க்கிற விரலும்தான்.

புரை ஏறினால் உச்சந்தலையில் தட்டி, மலேசியாவில் இருக்கிற மகன் நினைக்கிறான் என்று சொல்லியே பழகியவர்கள் ஆச்சி. ஏறாதபோது எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்ததில் தப்பே இல்லை.

அதே நாளில்தான் கஞ்சியைக் கவனித்தேன். பவுடர் விலை கட்டுப்படியாகாமல் சில வேளை அரிசிக் கஞ்சியையே கெட்டியாகக் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் கரண்டி பொத்தென்று விழுந்தது. வாயில் வைத்த கரண்டியையே திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டதில், எச்சில் சேர்ந்து மாவுச்சத்து கரைய, அடியில் இருந்தது வெறும் நீராக ஒழுகியது. எவ்வளவு கெட்டி என்று அறிய, பத்து மில்லி சிரிஞ்சில் ஊற்றிப் பத்து விநாடி ஒழுக விட்டுப் பார்த்தேன். ஆரம்பத்தில் எடுத்து வைத்திருந்த கஞ்சி பெரும்பாலும் உள்ளேயே நின்றது. கிண்ணத்தின் அடிக்கஞ்சி முழுவதும் ஓடிவிட்டது. அப்படியானால் ஐயா இத்தனை நாளாக நீர்த்ததையும் விழுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், காய்ச்சலும் வரவில்லை. இது என் மனதை அசைத்தது. அசைத்திருக்கக் கூடாதோ? கடைசி நாலு கரண்டிக் கஞ்சியும் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒன்றல்ல.

தண்ணீர் வேகமாக ஓடும். பலவீனமான தொண்டை மூடிக்கொள்வதற்குள் அது முந்திவிடும். கெட்டியானது மெதுவாக வரும், தொண்டைக்கு அவகாசம் கிடைக்கும். நான் படித்தது இது. ஆனால் கெட்டித் தண்ணீரில் தாகம் அடங்குவதில்லை. குடிப்பதே குறைந்து உடம்பு வறண்டு, மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கெட்டியாக்கிக் கொடுப்பது நிமோனியா என்கிற நுரையீரல் தொற்றைத் தடுக்கிறதா என்பதற்கே உறுதியான சான்று இன்னும் இல்லை. அமெரிக்காவில் லூயிவில் நகரத்து ஃப்ரேசியர் மறுவாழ்வு மையம் 1980களிலேயே வாயைச் சுத்தம் செய்து, சாப்பாட்டு வேளை தவிர்த்து, சாதாரணத் தண்ணீர் கொடுக்கும் முறையைத் தொடங்கியது. நுரையீரலுக்குள் போகிற கொஞ்சம் சுத்தமான நீரைவிட, அதோடு சேர்ந்து போகிற வாய்க்கிருமிதான் பெரிய ஆபத்து என்பது அதன் கணக்கு.

ஆச்சி நேராகவே கேட்டார்கள்: "உங்க அப்பாவா இருந்தா குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. "பல்லு, நாக்கு, கடவாய் எல்லாம் தேச்சுத் துடைக்கணும் ஆச்சி. சாப்பிட்டு அரை மணி நேரம் போகட்டும். சாய்வு நாற்காலி வேணாம், நிமிர்ந்து உட்காரணும். சின்னக் கரண்டி. மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி முழுங்கச் சொல்லுங்க. குரல் களகளன்னா அன்னிக்கு நிறுத்திடணும்" என்றேன்.

"அப்பக் குடுக்கலாம்ங்கிறீங்க."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

சாயங்காலம் நானே டாக்டருக்குப் போன் செய்தேன். "பக்கத்துல இருந்து பாக்குறது நீங்கதானே, நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். அவரையும் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை போனபோது ஆச்சி நான் சொன்னபடியே அச்சு பிசகாமல் செய்தார்கள். ஐயாதான் கரண்டியோடு நிற்கவில்லை. நல்ல கையால் டம்ளரையே பிடித்துக்கொண்டார். வாங்கப் போனால் விடவில்லை. ஆச்சி விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. ஆச்சிக்குச் சிரிப்பு. எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆடி பிறக்குமுன் காய்ச்சல் வந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. சிறுநீரிலும் தொற்று. இரண்டுக்கும் மருந்து கொடுத்தார்கள், தேறி வீட்டுக்கு வந்தார். தண்ணீரால் வந்ததா, எச்சிலால் வந்ததா, கஞ்சியால் வந்ததா? யாராலும் சொல்ல முடியவில்லை.

மகன் மலேசியாவிலிருந்து போனில் கேட்டார், யார் தண்ணீர் கொடுக்கச் சொன்னது என்று. "யாரும் சொல்லலை, நான்தான் குடுத்தேன்" என்றார்கள் ஆச்சி. நான் பக்கத்தில் இருந்தேன். போனை வாங்கி, கொடுப்பதானால் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லித் தந்தது நான்தான் என்றேன். "அப்ப நீங்க கொடுக்கச் சொன்னீங்களா?" என்றார். அதற்கும் என்னிடம் ஒரே வார்த்தையில் பதில் இல்லை. அந்தப் பொறுப்பை ஆச்சி ஏன் தனியாகத் தூக்கிக்கொண்டார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. நான் தெளிவாகச் 'சரி' என்று சொல்லியிருந்தால் அதில் பாதி என்னுடையதாக இருந்திருக்கும்.

பிறகு தேவகோட்டையில் ஒரு வீட்டில் இதே கேள்வி வந்தது. அந்த அம்மாவுக்கு இருமவே தெம்பில்லை, நிமிர்ந்து உட்காரவும் முடியவில்லை. வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன். மருமகள் தலையாட்டினார். கட்டிலுக்குப் பக்கத்தில் செம்பும் டம்ளரும் இருந்தன. மறைத்துக் கொடுத்தால் படுக்கவைத்தபடியே கொடுப்பார்கள், வாயும் துடைக்க மாட்டார்கள். அதனால் கிளம்பும்போது வாய் சுத்தம் செய்வதை மட்டும் ஒரு தடவை செய்து காட்டினேன். அதையும் அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டாரா என்று கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன்.