டிஎன்ஏவைப் பிடித்திருப்பது எது: ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கும் அண்ணன் மகள் நேற்றிரவு ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். “டிஎன்ஏவுக்கு எதிர்மின்னூட்டம், ஹிஸ்டோனுக்கு நேர்மின்னூட்டம், அதனால் ஒட்டிக்கொள்கின்றன என்று எழுதினால் போதுமா, அத்தை?” ஹிஸ்டோன் என்பது டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதம். தேர்வுக்கு அவள் எழுதியது போதும். விஷயத்துக்குப் போதாது என்று எனக்குப் படுகிறது.

டிஎன்ஏ இயல்பிலேயே விறைப்பானது. ஏறத்தாழ 50 நானோமீட்டர், அதாவது சுமார் 150 கார இணைகள் (டிஎன்ஏவின் இரு இழைகளையும் இணைக்கும் சோடிகள்) நீளமுள்ள துண்டு அவ்வளவு எளிதில் வளையாது. அத்தகைய துண்டைத்தான், எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற நான்கு ஹிஸ்டோன்களும் இரண்டிரண்டாகச் சேர்ந்த எட்டுப் புரதத் தொகுதி, தன்னைச் சுற்றி இடச்சுழியாக 1.65 சுற்று வளைத்து வைத்திருக்கிறது. இதுவே நியூக்ளியோசோம். ஏறத்தாழ 2 மீட்டர் நீள டிஎன்ஏ ஓர் உயிரணுவின் உட்கருவுக்குள் அடங்குவதற்கு இதுதான் முதற்படி. வளைய மறுக்கும் ஒன்றை இவ்வளவு வளைத்து வைக்கும் பிடி எங்கே இருக்கிறது என்பதைத்தான் அவளுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மார்ச் 5, புதன்

சிங்கப்பூரின் புவன விஸ்தா நிலையத்தில் இறங்கியதும் நேராக ஆய்வகக் குளிரறைக்குப் போனேன். நியூக்ளியோசோமைக் கையால் கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. டிஎன்ஏவையும் ஹிஸ்டோன் தொகுதியையும் 2 மோலார் உப்புக் கரைசலில் ஒன்றாக இட்டு, சவ்வுப் பையில் கட்டி, வெளியிலுள்ள கரைசலின் உப்பை இரவு முழுவதும் மெல்ல மெல்லக் குறைக்கிறோம். 2 மோலார் என்பது இங்குள்ள ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை நீரின் உப்பைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அவ்வளவு உப்பில் அயனிகள் இரு பக்க மின்னூட்டத்தையும் மறைத்துவிடுவதால், ஹிஸ்டோன்கள் டிஎன்ஏவை விட்டு விலகியே இருக்கும். உப்புக் குறையக் குறைய, முதலில் எச்3, எச்4 நால்வர் தொகுதி டிஎன்ஏவில் அமர்கிறது. அதன் பிறகே இரு பக்கங்களிலும் எச்2ஏ, எச்2பி இணைகள் வந்து சேர்கின்றன. அவசரப்பட்டு உப்பை ஒரேயடியாகக் குறைத்தால் எல்லாம் கண்டபடி ஒட்டித் திரண்டுவிடும். ஆக, மின்னூட்டம் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒழுங்கு அதிலிருந்து மட்டும் வருவதில்லை.

மார்ச் 6, வியாழன்

அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்பதை 1997 இல் லூகர், ரிச்மண்ட் குழுவினர் வெளியிட்ட நியூக்ளியோசோமின் படிக அமைப்பு காட்டியது. இன்று திரையில் அதைச் சுழற்றிச் சுழற்றி நெடுநேரம் பார்த்தேன். டிஎன்ஏ இரட்டைச்சுருளின் இரு பள்ளங்களில் குறுகலான சிறு பள்ளம் ஹிஸ்டோன்களை நோக்கித் திரும்பும் இடங்கள் பதினான்கு. அந்தப் பதினான்கிலும் ஹிஸ்டோனின் ஓர் அர்ஜினைன் (நேர்மின்னூட்டமுள்ள அமினோ அமிலம்) பள்ளத்துக்குள் பக்கச்சங்கிலியை நீட்டியிருக்கிறது. அருகிலேயே புரதத்தின் முதுகெலும்புச் சங்கிலி டிஎன்ஏவின் பாஸ்பேட்டுகளோடு ஹைட்ரஜன் பிணைப்புக் கொள்கிறது. பிடி ஏறக்குறைய முழுவதும் டிஎன்ஏவின் சர்க்கரை, பாஸ்பேட் பகுதியில்தான் விழுகிறது. காரங்களின் வரிசையைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆகவேதான் எந்த மரபணுவையும் அதே எட்டுப் புரதங்களால் சுற்றிவைக்க முடிகிறது.

வரிசைக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. பள்ளம் உள்நோக்கி நெருங்கும் இடங்களில் அடினின், தைமின் மிகுந்திருந்தால் வளைவது எளிது. விடோமின் ஆய்வகம் 1998 இல் தேர்ந்தெடுத்த ‘601’ என்ற செயற்கை வரிசை இப்படி வளைவதற்கு மிகவும் இணங்குவதால்தான் நாங்களும் அதையே பயன்படுத்துகிறோம்.

பின்னாளில் நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வந்த கர்ட் டேவி, 2002 இல் சக ஆய்வாளர்களோடு 1.9 ஆங்ஸ்ட்ராம் (0.19 நானோமீட்டர்) துல்லியத்தில் இதே அமைப்பைத் தந்தார். அதில் 3,000க்கும் மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் இடங்குறிக்கப்பட்டன. புரதத்துக்கும் டிஎன்ஏவுக்கும் நேரடியாக உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் எத்தனையோ, ஏறக்குறைய அத்தனை நீரைப் பாலமாகக் கொண்டும் இருக்கின்றன. பாடநூல் படங்களில் நீர் வரையப்படுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

மார்ச் 10, திங்கள்

நொதிச் சோதனை. மனித உயிரணுக்களின் உட்கருக்களைப் பிரித்தெடுத்து, கால்சியத்தோடு டிஎன்ஏவை வெட்டும் மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸ் என்ற நொதியைச் சேர்த்து, வெவ்வேறு நேரங்களில் இஜிடிஏ என்ற வேதிப்பொருளால் கால்சியத்தைப் பறித்து நொதியை நிறுத்தினோம். புரதத்தை நீக்கி, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டியபோது, குறைந்த நேரம் வெட்டிய தடத்தில் படிகள் தெளிவாக விழுந்தன: ஏறத்தாழ 190 கார இணைகள், அதன் இருமடங்கு, மும்மடங்கு என்று. நேரம் கூடக்கூட மேற்படிகள் மங்கி, இறுதியில் 150க்கு அருகே ஒரே பட்டை அழுத்தமாக நின்றது. பக்கத்துத் தடத்தில் ஹிஸ்டோன் இல்லாத வெறும் டிஎன்ஏ, அதே நொதி அளவில் படியே இல்லாமல் தேய்ந்து கீழே ஓடியிருந்தது.

ஹூயிஷும் பர்கோயினும் 1973 இல் எலிக் கல்லீரலில் கண்ட படிகள்தான் இவை. மறு ஆண்டே ரோஜர் கோர்ன்பெர்க் எட்டுப் புரதம், ஏறத்தாழ 200 கார இணை என்ற அலகை முன்வைத்தார். ஹிஸ்டோன் டிஎன்ஏவைக் காக்கிறது என்பதை இதைவிட நேரடியாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் காப்பு முழுமையானதன்று. சுற்றின் இரு முனைகளும் இடைவிடாமல் அவிழ்ந்து மீண்டும் ஒட்டுகின்றன. நடுப்பகுதியில் பிடி மிகவும் இறுக்கம். பதினான்கு பிடிகளும் தனித்தனியே வலுக்குறைந்தவை என்பதால், ஒன்று விடும்போது மற்றவை தாங்குகின்றன. படியெடுக்கும் நொதிகளுக்கும் பழுதுபார்க்கும் நொதிகளுக்கும் வழி கிடைப்பது அதனால்தான்.

மார்ச் 11, செவ்வாய்

பட்டாணிச் செடியின் எச்4க்கும் கன்றுக்குட்டியின் எச்4க்கும் 102 அமினோ அமிலங்களில் வேறுபாடு இரண்டே இரண்டு. இதை எத்தனை முறை படித்தாலும் வியப்புக் குறைவதில்லை.

மார்ச் 13, வியாழன்

அண்ணன் மகளுக்குப் பதில் எழுதினேன். மின்னூட்டம் என்ற அவளுடைய வரியை அப்படியே வைத்துக்கொண்டு, அது எங்கே எவ்வளவு வேலை செய்கிறது என்பதைச் சேர்க்கச் சொன்னேன். எச்4 புரதத்திலிருந்து வெளியே நீளும் வாலில் 16ஆம் இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துக்கொண்டால், அதில் ஓர் அசெட்டில் தொகுதி சேரும்போது நேர்மின்னூட்டம் அழிகிறது. தனி நியூக்ளியோசோமின் சுற்று அதனால் பெரிதாகத் தளர்வதில்லை. அந்த வால் பற்றவேண்டிய இடம் பக்கத்து நியூக்ளியோசோமிலுள்ள எச்2ஏ, எச்2பி அமிலப் பரப்பு, அதாவது எதிர்மின்னூட்டமுள்ள பகுதி. அந்தத் தொடர்புதான் கெடுகிறது, நியூக்ளியோசோம்களின் சங்கிலி நெருங்கி மடிய முடியாமல் போகிறது. 2006 இல் ஷோக்ரன்-நாக் குழுவினர் இந்த ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து இதை நிறுவினார்கள்.

அடுத்த வாரம் அசெட்டில் சேர்த்த எச்4, சேர்க்காத எச்4 இரண்டையும் கொண்டு சங்கிலிகள் கட்டி, மெக்னீசியத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, எது எந்த அளவில் திரள்கிறது என்று பார்க்கவிருக்கிறோம். அசெட்டில் சேர்ந்ததற்குக் கூடுதல் மெக்னீசியம் தேவைப்படும் என்பது என் எதிர்பார்ப்பு.