பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இல்லாதவர்களின் சொந்தங்களைத் தேடுவது எப்படி

“பாட்டி கான்வென்ட்டில் (கன்னியாஸ்திரி மடத்தில்) பிறந்தவங்க” என்று மலேசியாவில் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பல வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. அதற்கு மேல் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். தேட இறங்குபவர்கள் பத்திரத்தில் இருக்கும் தாயின் பெயரை நேராகப் பிடித்துக்கொள்கிறார்கள். கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்ற பெண் சொன்ன பெயரைத்தான் சீக்கிரம் நம்பக்கூடாது. ஒவ்வொரு தாளிலும் முதலில் பார்க்க வேண்டியது, அந்த விவரத்தைக் கொடுத்தவர் யார் என்பதை.

கையிலிருக்கும் சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்) மட்டும் போதாது. ஜேபிஎன் எனும் தேசியப் பதிவிலாகாவில் பிறப்புப் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். பழைய பதிவுகளில் பிறப்பைத் தெரிவித்தவரின் பெயரும் முகவரியும் தனிக் கட்டத்தில் இருக்கும். அங்கே இருப்பது மேட்ரனா, கன்னியாஸ்திரியா, தோட்டத்து (எஸ்டேட்) மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸரா? டிரஸ்ஸர் என்றால், பெயர் பெரும்பாலும் செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பட்டியலில்) இருந்த பெயராக இருக்கும். கன்னியாஸ்திரி என்றால், அந்தப் பெண் வாசலில் சொன்ன பெயர், அவ்வளவுதான். லெட்சுமி, லட்சுமி, லச்சுமி என்று ஒரே ஆள் ரூமி (ஆங்கில) எழுத்தில் மூன்று ஆளாகிவிடுவதும் உண்டு. ஆகவே, தாயின் பெயரைவிட ‘ஏ/பி’க்குப் (மலாயில் ‘இன்னார் மகள்’ என்பதன் சுருக்கம்) பின்னால் வரும் அவருடைய அப்பாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுவதே பலன் தரும். தோட்டம் துண்டாடப்பட்டு மறைந்திருந்தாலும், அதன் தமிழ்ப் பள்ளி வேறு இடத்துக்கு மாறி அதே பெயரில் நடக்கலாம். பழைய சேர்க்கைப் பதிவேடு இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

அடையாள அட்டை 1948இல்தான் வந்தது. அதற்குப் பிந்திய பதிவில் தாயின் பழைய ஐசி எண் இருந்தால், பெயர்க் குழப்பத்தில் பாதி தீர்ந்தது. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1 வரை சிலாங்கூர் மாநிலத்தைச் சேர்ந்தது. முந்திய பிறப்புகளைச் சிலாங்கூர் என்று கேட்காவிட்டால், “இல்லை” என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும்.

தகப்பன் கட்டம் காலியாக இருப்பதாலேயே அவர் தெரியாத ஆள் என்று முடிவு கட்டாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, திருமணப் பந்தத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தாயும் அந்த ஆணும் சேர்ந்து கேட்டால்தான் தகப்பன் பெயர் ஏறும். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1982 மார்ச் 1இல்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் கோயிலில் தாலி கட்டிய எத்தனையோ ஜோடிகளிடம் காட்டுவதற்குத் தாள் கிடையாது. ‘மணமாகாத தாய்’ என்று குடும்பம் நம்பிவந்தவர், ஊரறியக் கல்யாணம் செய்தவராகவும் இருக்கலாம்.

பினாங்கு லைட் ஸ்திரீட் கான்வென்ட் 1852இலும், கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் கான்வென்ட் 1899இலும் தொடங்கின. இரண்டிலும் அனாதை விடுதி இருந்தது. இப்படிப்பட்ட இடங்களின் ஏடுகளில் இருக்கும் தேதி பெரும்பாலும் பிள்ளை வந்து சேர்ந்த தேதி. அதைப் பிறந்த தேதி என்று எடுத்துக்கொண்டு ஜேபிஎன்னில் தேடினால் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். ஞானஸ்நானப் பெயரும் அங்கே வைத்ததுதான். பெற்றவள் வைத்த பெயர் வேறாக இருக்கலாம்.

ஞானஸ்நானப் பதிவேட்டைக் கத்தோலிக்கக் கோயிலில் கேட்க வேண்டும். பினாங்கில் செயின்ட் பிரான்சிஸ் சேவியர், கோலாலம்பூரில் புடு செயின்ட் அந்தோணி ஆகியவை தமிழர்களின் பழைய பங்குகள். பழைய ஏடுகள் லத்தீனில் இருக்கும். ‘பாத்ரே இக்னோட்டோ’ என்றிருந்தால் தகப்பன் யாரென்று தெரியாது என்று பொருள். இங்கே பலர் கவனிக்காமல் விடுவது ஓரக் குறிப்பை. கத்தோலிக்கர் பின்னால் எந்தக் கோயிலில் கல்யாணம் செய்தாலும், அந்தச் செய்தி ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குப் போய் அவருடைய வரிக்குப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும் என்பது 1908 முதல் உள்ள விதி. தாயும் கத்தோலிக்கராக இருந்தால், பிள்ளையின் வரியை விட்டுவிட்டுத் தாயின் ஞானஸ்நான வரியைத் தேடுங்கள். கல்யாணத்துக்குப் பின் அவர் எங்கே போனார் என்பதை அந்த ஓரம் சொல்லக்கூடும்.

தத்து இரண்டு வகை. கோர்ட் வழியாக, 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி நடந்திருந்தால், பழைய பிறப்புப் பதிவையும் புதிய பதிவையும் இணைக்கும் ஏடு கோர்ட் உத்தரவு இல்லாமல் திறக்காது. வக்கீல் வேண்டும். இரண்டு வருடம் வளர்த்ததைக் காட்டி ஜேபிஎன்னில் பதிந்த தத்து வேறு சட்டத்தின் கீழ் வரும்; அதற்கு அங்கேயே கேட்கலாம்.

மூன்றாவதாக ஒன்று சட்டத்தில் இல்லை, ஊரில் நிறைய உண்டு. மருத்துவச்சியை வைத்து, வளர்த்தவள் பெயரையே பெற்றவளாகப் போட்டுவிடுவது. சொன்னவரே மாற்றிச் சொன்ன தாளை எத்தனை நகல் எடுத்தாலும் உண்மை வராது. பொய் விவரம் கொடுத்துப் பதிவது குற்றம், குடியுரிமையிலும் சிக்கல் வரலாம். இப்படி என்று சந்தேகம் இருந்தால், கவுன்டருக்குப் போகும் முன் வக்கீலைப் பாருங்கள்.

அங்கே மிஞ்சுவது டிஎன்ஏ. உயிரோடிருக்கும் மூத்த தலைமுறைக்கு முதலில் சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் பொருத்தம் ஏறக்குறைய பாதியாகிறது. சித்தப்பா பிள்ளை, மாமன் பிள்ளை போன்றவர்களோடு சராசரியாக 850 சென்டிமோர்கனுக்குச் (பொருந்தும் டிஎன்ஏவை அளக்கும் அலகு) சற்று மேல் பொருந்தும். அந்த இருவருடைய பிள்ளைகளுக்குள் 230 அளவு. இவை நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்யாதவர்களுக்கான கணக்கு. அத்தை மகனையும் தாய்மாமனையும் கட்டிவந்த நம் குடும்பங்களில் மொத்தம் ஊதிப்போய்விடும். தூரத்து உறவு கிட்டத்து உறவு போலத் தெரியும். மொத்தத்தை விட்டு, பொருந்தும் டிஎன்ஏவில் மிக நீளமான ஒற்றைத் துண்டைப் பாருங்கள். சின்னச் சின்னத் துண்டாக நிறைய இருந்தால் அது பழைய சொந்தம்.

ஆள் கிடைத்தபின் பேஸ்புக்கில் செய்தி அனுப்புவதுதான் ஆகப் பெரிய தவறு. அந்த அம்மாவின் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாமல் இருக்கலாம். ஃபோனை வைத்திருப்பது பேத்தியாகவும் இருக்கலாம். பங்குச் சாமியார் போன்ற ஒருவர் வழியாக, அந்த அம்மாவின் கையில் மட்டும் சேரும்படி ஒரு மூடிய கடிதம் கொடுங்கள். பிறந்த தேதி, இடம், உங்கள் ஃபோன் எண், பதில் வராவிட்டால் மறுபடி எழுதமாட்டோம் என்ற ஒரு வரி. ‘மகள்’, ‘பேரன்’ என்ற சொற்கள் கடிதத்தில் வேண்டாம். தேதியைப் பார்த்தாலே அவருக்குப் புரிந்துவிடும்.