நேட்ரம் மூர் 30: நூறு புட்டிகள்

ஹோமியோபதி ஆய்வுத் திட்டம் ஒன்றைச் சரிபார்க்கும்போது தத்துவப் பக்கங்களை அப்புறம் படித்துக்கொள்ளலாம். எந்த எண் புட்டியில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மருந்து கொடுப்பவர் கையிலேயே இருந்தால் மீதியைப் படிப்பது வீண்.

ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்தார் இதை 1835-லேயே செய்து காட்டினார்கள். உப்பை (ஹோமியோபதியில் நேட்ரம் மூர்) 30-ஆம் வீரியத்தில், அதாவது முப்பது படி நீர்க்கச் செய்து, சாப்பிட்டால் நலமாக இருப்பவருக்கும் விளைவு தெரியும் என்று ராய்ட்டர் என்ற ஹோமியோபதி மருத்துவர் சவால் விட்டிருந்தார். நூறு புட்டிகளுக்கு எண் போட்டு, கலைத்து, ஐம்பது ஐம்பதாகப் பிரித்தார்கள். ஒரு பங்கில் உறைபனியை உருக்கிக் காய்ச்சி வடித்த நீர் மட்டும். மற்றதற்கு, ஒரு கிரெயின் உப்பை நூறு துளி வடிநீரில் கரைத்து, ஒன்றுக்கு நூறாக மேலும் 29 தடவை நீர்க்கச் செய்தார்கள். கிரெயின் என்பது 60 மில்லிகிராம் சொச்சம். கணக்குப் போட்டால் பதினோராவது படியிலேயே உப்பு விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு கண்ணாடியிலிருந்து கரைகிற உப்பே அதிகம்.

பட்டியலுக்கு முத்திரை வைத்தாயிற்று. 54 பேர் புட்டி வாங்கினார்கள். 50 பேர் விவரம் சொன்னார்கள். 42 பேருக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஏதோ தெரிந்தது என்ற எட்டுப் பேரில் ஐந்து பேர் குடித்தது வீரியம், மூன்று பேர் குடித்தது வெறும் நீர்.

'துயரருக்குத் துயரர் (நோயாளிக்கு நோயாளி) மருந்து மாறும், ஒரே மருந்தை எல்லோருக்கும் கொடுத்துச் சோதிப்பது எங்கள் முறையே அல்ல' என்ற வழக்கமான மறுப்பு இங்கே செல்லாது. நலமானவருக்குக் கொடுத்துக் குறிகளைக் குறித்துவைப்பதுதானே ஹோமியோபதியைத் தோற்றுவித்த ஹானிமனின் மெய்ப்பித்தல்! நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளில் அந்த மறுப்புக்கு நியாயம் உண்டு, பரிகாரமும் உண்டு. மருத்துவர் ஒரு மணி நேரம் விசாரித்துத் தனக்குச் சரியெனப்பட்ட மருந்தை எழுதட்டும். அதைக் கொடுப்பதா, மருந்தில்லாத வெற்றுச் சர்க்கரை உருண்டையைக் கொடுப்பதா என்பதை வேறிடத்தில் இருக்கும் மருந்தாளுநர் சீட்டுக் குலுக்கல் பட்டியலைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும். வெற்று உருண்டையையும் மருந்துக்குப் பயன்படும் அதே சாராயத்தில் நனைக்க மறந்தால், மூடியைத் திறந்ததும் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த ஒரு மணி நேரத்தையும் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2011-இல் வெளியான பிரிட்டிஷ் முடக்குவாத ஆய்வு 83 பேரை அப்படித்தான் பிரித்தது: பயன் தந்தது நேர்காணல்; மருந்தால் கூடுதல் பயன் தெரியவில்லை.

இன்னொரு ஓட்டை குறிப்பேட்டில் இருக்கிறது. குணமானால் மருந்து சரி. நோய் கூடினால் 'ஆரம்பத் தீவிரம்'. அப்படியே இருந்தால் மருந்துத் தேர்வு பிழை. எது நடந்தாலும் கோட்பாடு தப்பித்துக்கொள்ளும். அதனால் எத்தனையாவது நாளில், எந்த அளவுகோலில், எவ்வளவு குறைந்தால் குணம், எது நடந்தால் தோல்வி என்பதை முதல் புட்டி வெளியே போவதற்கு முன்பே எழுதித் தேதி போட்டுவிட வேண்டும். பட்டியலைப் பிரித்த பிறகு எழுதினால் அது விளக்கவுரை.