கனெக்டிகட் சுருட்டு: சூடேறினால் சுவை போய்விடும்

கனெக்டிகட் ராப்பர் (சுருட்டின் வெளியே சுற்றும் மேல் இலை) சுற்றிய சுருட்டைப் 'புதுசா தொடங்குறவங்களுக்கானது' என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரமான சுருட்டை அவசரமாக இழுத்தாலும் அதன் மிளகுக் காரம் நம் தவறை மறைத்துவிடும். இதில் மறைக்க எதுவும் கிடையாது. சேமிப்பிலோ வெட்டிலோ இழுப்பிலோ பிழை இருந்தால் நாக்கில் அப்படியே தெரியும். நிதானம் உள்ளவருக்குத்தான் இது தன் சுவையைக் காட்டும்.

முதலில் இலை. அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில், வின்ட்சர் என்ற ஊரில், 1900-இல் புகையிலை வயலின் மேல் துணிப்பந்தல் போட்டுப் பயிரிட்டுப் பார்த்தார்கள். சுமத்ராவிலிருந்து வந்துகொண்டிருந்த மெல்லிய இலையோடு போட்டிபோட வேண்டியிருந்தது. பந்தலுக்குள் வெயில் வடிகட்டப்படுகிறது, ஈரப்பதம் கூடுகிறது. இலை மெலிந்து, நரம்பு சன்னமாகி, பொன்னிறமாக வருகிறது. செடியை அடியோடு வெட்டுவதில்லை. கீழிருந்து மேலாக, முற்ற முற்ற இலையைப் பறித்து, கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்தி, பிறகு அடுக்கிப் புளிக்க வைக்கிறார்கள். இன்று அதே விதை ஈக்வடாரிலும் விளைகிறது. அங்கே எப்போதும் கவிந்திருக்கும் மேகமே பந்தல். கடையில் 'கனெக்டிகட்' என்று கிடைப்பதில் பெரும்பங்கு இந்த ஈக்வடார் இலைதான். 'கனெக்டிகட் பிராட்லீஃப்' என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்: அது திறந்த வெயிலில் வளரும், தடித்த, கறுத்த இலை. சுவையும் வேறு.

ராப்பர் ஒன்றே மென்மையைத் தந்துவிடாது. உள்ளே இருக்கும் ஃபில்லர் நிகராகுவா இலை என்றால், மேலே பொன்னிறமாக இருந்தாலும் அடியில் மிளகு வரும். ஒலிவா கனெக்டிகட் ரிசர்வ் என்ற சுருட்டு அப்படிப்பட்டது. நிறத்தை வைத்துக் காரத்தைக் கணிக்காதீர்கள்.

சேமிப்பில் 65 முதல் 67 சதவீத ஈரப்பதம் போதும். 70-ஐத் தாண்டினால் ஃபில்லர் ஊதி, மெல்லிய ராப்பர் வெடிக்கும். இழுப்பும் இறுகிவிடும். ஏசி அறையில் மேசைமேல் இரண்டு நாள் கிடந்தால் காய்ந்து உதிரும். கடலோர ஊரின் வெளிக்காற்றில் ஊறிப்போகும். பயணம் செய்து வந்த சுருட்டை ஹியூமிடரில் (ஈரப்பதம் காக்கும் சுருட்டுப் பெட்டி) இரண்டு வாரம் ஓய்வாக வைத்த பிறகே எடுங்கள்.

முதல்முறைக்கு 5 அங்குல நீளம், 50 ரிங் உள்ள ரொபஸ்டோ சரியான அளவு. ரிங் என்பது அங்குலத்தை 64 பாகமாக்கிய கணக்கு. 50 என்றால் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் விட்டம். தலைப்பகுதியின் தொப்பி வளையத் தொடங்கும் இடத்துக்கு மேலே, 2 மில்லிமீட்டருக்கு மிகாமல், கூரான இரட்டைக் கத்தி கட்டரால் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். தொப்பி முடியும் கோட்டுக்குக் கீழே போனால் ராப்பர் சுருள் சுருளாக அவிழும். இந்த இலையில் அது நிச்சயம். பற்ற வைக்குமுன் வெறும் இழுப்பு இழுத்துப் பாருங்கள்: வைக்கோல், பாலேடு, மரவாசனை வரும். காற்றே வராவிட்டால் தலையை விரலால் மெதுவாக உருட்டி இளக்குங்கள்.

பற்றவைப்பதில்தான் பலர் கெடுக்கிறார்கள். அப்பளத்தைத் தணலில் வாட்டுவது போல, பியூட்டேன் சுடரை ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்து, சுருட்டைச் சுழற்றிக்கொண்டே நுனி முழுக்கச் சாம்பல் பூக்கும்வரை வாட்ட வேண்டும். பிறகுதான் வாயில் வைத்து இழுப்பது. சுடர் நேரடியாகப் பட்டால் மெல்லிய ராப்பர் கருகும். அந்தக் கருகல் முதல் அரை அங்குலம் முழுக்க நாக்கில் நிற்கும். தீக்குச்சி என்றால் மருந்து எரிந்து முடியும்வரை காத்திருங்கள்.

இனி இழுப்பு. நிமிடத்துக்கு ஒன்று. அதற்கு மேல் போனால் நுனி சூடேறி, வெண்ணெயும் வறுத்த பாதாமும் போய், கசப்பும் கரிவாசனையும் மட்டும் மிஞ்சும். புகையை நுரையீரலுக்கு இழுக்கக் கூடாது. வாயில் இரண்டு மூன்று வினாடி வைத்து, அதில் கால்வாசியை மட்டும் மூக்கு வழியே விடுங்கள். வெள்ளை மிளகு, தேவதாரு, லேசான இனிப்பு எல்லாம் அங்கேதான் தெரியும். நாக்கால் மட்டும் இவற்றைப் பிடிக்க முடியாது. தொடக்கத்தில் பாலேடும் வைக்கோலும் மேலோங்கும், நடுவில் கொட்டைச் சுவை, கடைசியில் மிளகு கொஞ்சம் ஏறும். பக்கத்தில் பால் சேர்த்த காபி வையுங்கள். கடுங்காபியும் விஸ்கியும் இந்த மெல்லிய சுவையை அமுக்கிவிடும்.

ஒருபக்கம் மட்டும் வேகமாக எரிந்தால், பின்தங்கிய பக்கத்தைக் கீழே திருப்பிப் பிடியுங்கள். காற்று அங்கே அதிகம் கிடைத்து அது எட்டிப் பிடிக்கும். ஆகவில்லை என்றால் அந்தப் பக்கத்தில் மட்டும் சுடரைத் தொட்டு எடுங்கள். சாம்பலை ஓர் அங்குலம்வரை விடலாம், அது நுனியின் சூட்டைத் தணிக்கும். அணைந்துவிட்டால் சாம்பலைத் தட்டி, ஒருமுறை வெளியே ஊதி, மறுபடி வாட்டுங்கள்.

நுரையீரலுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோயின் ஆபத்து உண்டு. வெறும் வயிற்றில் தொட்டால் நிகோடினால் தலை சுற்றும். 'மைல்ட்' என்ற சொல் சுவையைத்தான் குறிக்கிறது, தீங்கை அல்ல.

கடைசி 4 சென்டிமீட்டரில் தாரும் ஈரமும் தேங்கிக் கசப்பேறும். அங்கேயே வைத்துவிடுங்கள். நசுக்கினால் நாற்றம் அறையைவிட்டுப் போகாது. சாம்பல் கிண்ணத்தில் விட்டால் தானாக அணையும்.