சோள மா

2024 ஜூலை 9
கொழும்பிலிருந்து என் மகன் தம்பியின் மரபணு ரிப்போர்ட் வந்தது. ஒரு வருத்தம் இல்லையாம், இரண்டு நோயாம். ஈரல் வீக்கத்துக்கும் சீனி இறங்கி வலிப்பு வந்ததுக்கும் காரணம் கிளைக்கோஜன் சேமிப்பு நோய், 1ஏ வகை. மரபணுப் பிழை 17ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்). காது கேளாதது தனி, 13ஆம் நிறமூர்த்தத்தில். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

தம்பிக்கு மூன்று வயது. பேச்சு வரவில்லை என்று கேட்ட இடமெல்லாம், "வருத்தக்காரப் பிள்ளைதானே, சுணங்கித்தான் பேசும்" என்றார்கள். நானும் நம்பினேன். அதுதான் ஆறுதில்லை எனக்கு.

ஜூலை 12
டொக்டர் தாளில் கீறிக் காட்டினார். என் கணவர் என் மாமாவின் மகன். இரண்டு பிழைகளும் எங்கள் இருவரிடமும் ஒளிந்திருக்கின்றன. எங்களுக்கு ஒன்றும் செய்யாது. பிள்ளைக்கு ஒவ்வொன்றும் வர நாலில் ஒரு வாய்ப்பு, இரண்டும் சேர்ந்து வர 16இல் ஒன்று. மூத்தவள் தப்பிவிட்டாள்.

அம்மம்மா எல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "என்ட வயித்தாலயா புள்ள இது வந்த?" என்றா. அம்மப்பாவாலும் வந்திருக்கலாம், அந்நியத்தில் முடித்தவர்களுக்கும் இப்படிப் பிறக்கிறது என்று சொன்னேன். இரவு அவ சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 4
ஆடி அமாவாசை. மாமாங்கக் கோயிலில் தீர்த்தம், சனமோ சனம். பார்க்கிறவர்கள் எல்லாம் தம்பியின் கையில் பழமோ கற்கண்டோ வைக்கிறார்கள், நான் பின்னாலேயே வாங்கிக்கொண்டு வருகிறேன். அவனுடைய ஈரல் சீனியைச் சேர்த்து வைக்கும், திருப்பி இரத்தத்துக்கு விடாது. பழச்சீனியும் பால்சீனியும் கூட அங்கேயே தங்கிவிடும். மட்டக்களப்பில் பிறந்தும் எருமைத் தயிர் வாயில் படாத பிள்ளை.

குளக்கட்டில் இருந்து சோள மாவை (கோர்ன்ஃப்ளவர்) ஆறின தண்ணியில் கரைத்துக் கொடுத்தேன். காய்ச்சக் கூடாது, காய்ச்சினால் சீனி சட்டென்று ஏறி இறங்கிவிடும். பச்சை மா மெல்ல மெல்லச் செமித்து நாலு மணித்தியாலம் தாங்கும். இரவிலும் அப்படித்தான், பத்துக்கு, இரண்டுக்கு, ஆறுக்கு.

ஆகஸ்ட் 21
காது மெஷின் போட்டுப் பார்க்கிறோம். கேட்கத் தொடங்கும்வரை கைச்சைகைதான். மாவுக்கு, கன்னத்தில் இரண்டு விரலால் தட்டுவது, மூத்தவள் கண்டுபிடித்தது. இருட்டில் அவனுக்குக் கையும் தெரியாது என்பதால் சின்ன லைட்டை எரியவிட்டே படுக்கிறோம்.

ஆகஸ்ட் 30
இரவு 1.40. அலாம் அடிக்க இன்னும் இருபது நிமிடம். யாரோ என்னை உலுப்புகிறார்கள். தம்பி எழும்பி இருக்கிறான், உடம்பெல்லாம் வேர்வை, தன் கன்னத்தில் இரண்டு விரலால் தட்டுகிறான். விரலில் குத்திச் சீனி பார்த்தேன்: 58, குறைவு.

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து அடி மண்டி வரை குடித்தான்.