14 நாள், 112 மாத்திரை: எனக்கு அல்சர் ஆறியது இப்படித்தான்

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக கேரளாவில் இருக்கும் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தாக வேண்டும் என்பதால் வீட்டில் எதுவும் சாப்பிடுவதில்லை. மேலே போனதும் பாலில்லாத ஒரு கட்டஞ்சாயா, இடுப்பு வலிக்கு ஒரு டைக்ளோஃபினாக், அது வயிற்றைப் புண்ணாக்கிவிடக் கூடாதென்று கூடவே ஒரு கேஸ் மாத்திரை. இரண்டு வருடம் இப்படியே ஓடியது. எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை, கூட வண்டி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் சொன்னார், வாங்கிப் போட்டேன்.

ராத்திரி இரண்டு மணி வாக்கில் மேல்வயிறு எரிந்து தூக்கம் கலையும், எழுந்து இரண்டு பிஸ்கட் தின்றால் அடங்கும். காரம்தான் காரணம் என்று குழம்பில் மிளகாயைக் குறைத்துப் பார்த்தோம். ஒருநாள் காலையில் மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுவென்று போனது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகப் போகும், ஆனால் நான் அதெல்லாம் சாப்பிடவில்லை. உள்ளே ரத்தம் கசிந்தாலும் அப்படி வரும் என்பது எனக்குத் தெரியாது. தலை சுற்றலோடு அன்றும் வண்டி ஓட்டினேன். அது எவ்வளவு பெரிய தப்பு, பின்னால் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள்தான் கட்டப்பனையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு நாள் படுக்க வைத்தார்கள்.

வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கிற எண்டோஸ்கோபிக்குப் பயப்படாதீர்கள். தொண்டையில் மருந்து அடித்து மரத்துப்போக வைத்துவிடுகிறார்கள், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண். இரைப்பையிலிருந்து துளி சதையை எடுத்து ஒரு மஞ்சள் வில்லையில் வைத்தார்கள், சற்று நேரத்தில் அது ரோஸ் நிறமாக மாறியது. அப்படி மாறினால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறது என்று அர்த்தமாம். அந்தக் கிருமியால்தான் புண் வருகிறது என்பதை முதலில் யாரும் நம்பாததால், ஆஸ்திரேலிய டாக்டர் பேரி மார்ஷல் 1984-இல் அதைத் தானே குடித்துக் காட்டினார், 2005-இல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார் என்று பிறகு படித்தேன். எனக்குக் கிருமியும் இருந்தது, வலி மாத்திரையும் சேர்ந்துகொண்டது. மிளகாயை வீணாகப் பழித்தோம்.

டாக்டரம்மா நல்ல தமிழில் நிதானமாகச் சொன்னார். அமிலத்தைக் குறைக்க பான்டோபிரசோல் 40 மில்லிகிராம் காலையும் இரவும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். இரண்டு வேளையும் சாப்பிட்ட பிறகு கிருமியைக் கொல்ல கிளாரித்ரோமைசின் 500 ஒன்று, அமாக்சிசிலின் 500 இரண்டு. ஒரு நாளைக்கு எட்டு, 14 நாளைக்கு 112. அமாக்சிசிலின் பென்சிலின் வகை என்பதால், பென்சிலின் அலர்ஜி உண்டா என்று இரண்டு தடவை கேட்டார். கொழுப்புக்கு நான் சாப்பிடும் மாத்திரை கிளாரித்ரோமைசினோடு சேர்ந்தால் தசையைக் கெடுக்கும் என்று அதை 14 நாளைக்கு நிறுத்தச் சொன்னார்.

“ரெண்டு வருசமா கேஸ் மாத்திரை சாப்பிட்டும் ஏன் டாக்டர் புண் வந்துச்சு?” என்று கேட்டேன். நாம் சாப்பிடும்போதுதான் இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகள் முழு வேகத்தில் வேலை செய்யுமாம். அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருந்தால்தான் அவற்றை நன்றாக அடைக்கும். நான் சாயாவோடு போட்டுவிட்டு அப்புறம் மத்தியானம் வரை பட்டினி. அதோடு கிருமி உள்ளேயே இருந்தது, வலி மாத்திரையும் தினமும் போனது. கேஸ் மாத்திரை எரிச்சலை மட்டும் அமுக்கி வைத்திருந்திருக்கிறது.

அதனால் நாலரைக்கு அலாரம் வைத்தேன். எழுந்ததும் பான்டோபிரசோல், ஐந்து மணிக்கு மூன்று இட்லி, பிறகு மற்றவை. என் அம்மா பெரிய மாத்திரை எதுவானாலும் இடித்துத் தேனில் குழைத்துத் தருகிற பழக்கம், அதை நிறுத்தச் சொல்லவே ஒரு நாள் ஆயிற்று. பான்டோபிரசோல் மேலே ஒரு பூச்சு இருக்கிறது, இரைப்பையின் அமிலம் மருந்தைக் கெடுக்காமல் குடல் வரை கொண்டு சேர்ப்பது அதுதான். உடைக்கவோ மெல்லவோ கூடாது.

நான்காம் நாள் பான்டோபிரசோல் அட்டை ஒன்று தொலைந்துவிட்டது. ஒரு மெடிக்கலில் சீட்டைக் காட்டினேன், அது இல்லை, இதுவும் அதேதான் என்று வேறு அட்டை தந்தார்கள். பெயருக்குப் பின்னால் ‘டி’ என்று ஒற்றை எழுத்து இருந்ததை என் மனைவிதான் கவனித்தாள். ஆஸ்பத்திரிக்கு போன் போட்டதும், “அதுல டோம்பெரிடோன்னு வாந்திக்கான மருந்தும் சேர்ந்திருக்கு, கிளாரித்ரோமைசினோட போட்டா இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், திருப்பிக் கொடுத்துருங்க” என்றார்கள். ஒரே ஒரு எழுத்து. தயவுசெய்து அட்டையைச் சீட்டோடு வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள், சின்ன எழுத்தில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் நாளே எரிச்சல் போய்விட்டது. வாயெல்லாம் பழைய நாணயத்தைச் சப்பினது மாதிரி கசப்பு, வயிறு வேறு இளகிப் போனது. “வலி போயிருச்சுல்ல அண்ணே, விட்டுருங்க” என்று வண்டியில் ஆளாளுக்குச் சொன்னார்கள். பாதியில் விட்டால் மிஞ்சின கிருமிக்கு அடுத்த தடவை இதே மருந்து கேட்காமல் போகலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்ததால் விடவில்லை. இரண்டு வேளையும் போட்ட பிறகுதான் மனைவி தினசரி காலண்டரில் தாளைக் கிழிப்பாள். ஒருநாள் மேலே மழையில் மாட்டி இரவு பத்தரைக்கு வீடு வந்தேன். தாள் கிழிக்காமல் இருந்தது, கீழே மாத்திரை டப்பா.

14 நாள் முடிந்து, பான்டோபிரசோல் மட்டும் காலையில் ஒன்றாக இன்னும் நாலு வாரம். அதன் பிறகு அதையும் இரண்டு வாரம் நிறுத்திவிட்டுத்தான் கிருமி போய்விட்டதா என்று மலச் சோதனை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே சோதித்தால் கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடக்கூடும். அந்த இரண்டு வாரம் லேசாக எரிந்தது, டாக்டரம்மாவைக் கேட்டு ஆன்டாசிட் சிரப்பில் சமாளித்தேன். ரிசல்ட் நெகட்டிவ்.

இடுப்பு வலி இன்னும் இருக்கிறது. அதற்கு இப்போது பாராசிட்டமால்தான், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். டைக்ளோஃபினாக்கை ஊசியாகப் போட்டாலும் வயிற்றைப் புண்ணாக்கும் என்பதால், எந்த கிளினிக்கில் ஊசியை எடுத்தாலும் முதலில் அல்சர் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்தோடு ஒரே கவரில் இருக்கிறது.