நாமினி பேரு போட எத்தனை வருஷம் யோசிக்கிறது?

பேங்க் கவுண்டர்ல வேலை பாக்குறவங்களுக்கு காதுல பழகிப்போன பதில் ஒண்ணு இருக்கு, "அடுத்த தடவை வரும்போது பாத்துக்கிடலாம் மேடம்". பாஸ்புக்ல என்ட்ரி போட வர்றவங்ககிட்ட உங்க கணக்குல நாமினி (உங்களுக்கப்புறம் பேங்க்ல பணத்த வாங்க வேண்டியவரு) இல்லையே, இப்பவே ஃபார்ம் தரட்டுமான்னு கேட்டா முக்காவாசிப் பேரு இதத்தான் சொல்வாங்க. நான் கோவில்பட்டி பக்கம் ஒரு கிளைல கிளார்க்கா சேந்தவ, அப்புறம் ஆபீசராகி வேற வேற ஊருக்குப் போயிட்டு வந்தாலும் அதிகமா இருந்தது டெபாசிட் சைடுலதான், அதனால இந்த "அடுத்த தடவை"க்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு ஓரளவு தெரியும்.

சோம்பேறித்தனம்னு சொல்றவங்க இருக்காங்க, நான் ஒத்துக்க மாட்டேன். விடியக்காலைல எந்திரிச்சு சமைச்சு வச்சுட்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போயி, சீட்டு கட்டி, அடகு வச்ச நகைய திருப்பி, புள்ளைங்கள காலேஜ் வரைக்கும் படிக்க வச்ச பொம்பளைங்கள எப்படி சோம்பேறின்னு சொல்ல முடியும்? அந்த ஃபார்ம்ல அவங்களுக்கு ஒரே ஒரு வரிதான் பிரச்சினை, யாரு பேருங்கிற வரி. மூத்தவன் பேரப் போட்டா சின்னவன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான், மகன் பேரப் போட்டா மகளுக்கு ஒண்ணுமில்லையான்னு மருமகன் கேப்பாரு, வீட்டம்மா பேரப் போட்டா அவங்களுக்கு கையெழுத்து போடத் தெரியாதேன்னு ஒரு கவலை... அதுபோக சாவு சம்பந்தப்பட்ட பேப்பர், செவ்வாய் வெள்ளியில எழுத மாட்டேன்னு சொன்னவங்களும் உண்டு.

ஒரு ரிட்டயர்டு வாத்தியார், ஏப்ரல் மாசமானா, டெபாசிட் வட்டில வரி புடிக்காம இருக்கறதுக்கான 15எச் ஃபார்ம் கொடுக்க வந்துருவாரு. அவரு பாஸ்புக் கவருக்குள்ள நாமினேஷனுக்கான டிஏ1 ஃபார்ம் ஒண்ணு நாலா மடிச்சு இருக்கும். விரிச்சுப் பாத்தா அழகான கையெழுத்துல அவரு பேரு, அட்ரஸ், டெபாசிட் நம்பர் எல்லாம் கரெக்டா எழுதியிருக்காரு, நாமினி பேரு, உறவு, வயசு இந்த மூணு கட்டம் மட்டும் காலி. மடிப்பு விழுந்த எடம் கிழிஞ்சுபோயி பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருந்தது. பேப்பருக்கு டேப் ஒட்டி பத்திரப்படுத்துற மனுஷன் அந்தப் பேர மட்டும் எழுதாம வச்சிருக்காருன்னா அவரு எவ்வளவு யோசிச்சிருப்பாருன்னு பாத்துக்கோங்க. என்னய்யா தயக்கம்னு கேட்டேன். "ஒருத்தன் சிங்கப்பூர்ல இருந்து பணம் அனுப்புறான், இன்னொருத்தன் கூடவே இருந்து பாத்துக்கிடுறான். யாரு பேரத்தான் போடுறது தாயி, ஒருத்தனுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிருமே"ன்னாரு.

விஷயம் எங்க சிக்கி நிக்குதுன்னு எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. அவரு அத உயில் மாதிரி நெனச்சுக்கிட்டிருக்காரு. நாமினிங்கிறவரு பேங்க்ல இருந்து பணத்த வாங்குற ஆளு, அவ்வளவுதான். வாங்குன பணம் யாருக்குச் சேரணுங்கிறத உயில் இருந்தா உயில் சொல்லும், இல்லன்னா வாரிசு சட்டம் சொல்லும். பேங்க் டெபாசிட் விஷயத்துல நாமினி ஆனதாலயே பணத்துக்கு சொந்தக்காரராயிர மாட்டாருன்னு சுப்ரீம் கோர்ட்டு 2010லயே தெளிவா சொல்லியிருக்கு. இன்னொண்ணு, எழுதுனத எப்ப வேணும்னாலும் மாத்தலாம், ரத்து பண்ணவும் மாத்தவும் ஃபார்ம் இருக்கு, காசு கிடையாது. இத சொன்னதும் வாத்தியார் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "அப்ப அவ பேரயே போட்டுருவோம்"னு வீட்டம்மா பேர எழுதுனாரு. ரெண்டு பயலுகளுக்கு நடுவுலயே அத்தனை நாளும் யோசிச்சவருக்கு அந்தப் பேரு தோணவே இல்ல பாருங்க.

அன்னைக்கு அதே கவுண்டர்ல இன்னொண்ணும் நடந்தது, அது இன்னும் மனசுல நிக்குது. பக்கத்து சீட்ல லோன் பேப்பர் போயிட்டிருந்தது, வண்டிக் கடனுக்கு ஒருத்தர் தெரிஞ்சவர ஜாமீனுக்கு கூட்டிட்டு வந்திருந்தாரு. ஜாமீனுக்கு வந்தவரு ஹெல்மெட்ட கைல புடிச்சபடி நின்னுக்கிட்டே, ஆபீசர் பென்சில்ல டிக் அடிச்ச எடத்துலயெல்லாம் மளமளன்னு கையெழுத்து போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. இத்தனைக்கும் 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவுப்படி கடன் வாங்குனவருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு, பத்திரத்துல வேற மாதிரி எழுதாதவரை. கட்டலன்னா பேங்க் நேரா அவருகிட்டயே கேக்கலாம், பணம் பட்டுவாடா ஆனபிறகு எனக்கு மனசு மாறிருச்சு, என் கையெழுத்த திருப்பிக் குடுங்கன்னு கேக்க முடியாது. திருப்ப முடியாத கையெழுத்து ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு, எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாங்கிற கையெழுத்து வருஷக்கணக்கா பாஸ்புக் கவருக்குள்ள கெடந்தது. நம்ம யோசனைய நாம எங்க செலவழிக்கிறோம்னு நெனச்சா எனக்கு உண்மையிலேயே வருத்தமாத்தான் இருக்கும். நண்பன் முன்னாடி தயங்குனா மரியாதை போயிரும்னு ஜாமீன்ல அவசரம், பேர எழுதுனா புள்ளைங்க மனசு கஷ்டப்படும்னு நாமினில தாமதம், ரெண்டுமே அடுத்தவங்க என்ன நெனப்பாங்கங்கிற பயம்தான்னு எனக்குத் தோணுது.

அதுக்கப்புறம் எந்த விஷயத்துக்கும், வீட்லயும் சரி ஆபீஸ்லயும் சரி, இத பின்னாடி மாத்த முடியுமான்னு முதல்ல கேட்டுக்குவேன். முடியும்னா அன்னைக்கே முடிச்சிருவேன். எடம் விக்கிறது, ஜாமீன் போடுறது இதுக்கெல்லாம் எத்தன நாள் வேணும்னாலும் எடுத்துக்கலாம், வக்கீல்கிட்ட காட்டலாம், வேண்டாம்னும் சொல்லலாம்.

ஆபீசுக்குள்ளயும் இதே தயக்கம் உண்டு, ஜனங்கள மட்டும் சொல்லக்கூடாது. இறந்தவங்க கணக்கு கிளெய்ம் வந்தா, நாமினி இருந்தாக்கூட, எதுக்கும் வாரிசு சான்றிதழும் வாங்கிட்டு வரச் சொல்லுங்க, ஆடிட்ல கேப்பாங்கன்னு இழுக்குற ஆபீசர்ங்க இருக்காங்க. நாமினி இருக்குற கணக்குக்கு இறப்புச் சான்றிதழும் நாமினியோட அடையாளமும் சரியா இருந்து, கோர்ட்டு தடையும் இல்லன்னா மேற்கொண்டு அதெல்லாம் கேக்கக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, பேப்பர் முழுசா வந்தபிறகு 15 நாளுக்குள்ள செட்டில் பண்ணணும். நான் வேலை கத்துக்கிட்ட மேனேஜர் ஒருத்தரு இருந்தாரு, கிளெய்ம் ஃபைல் எதுவும் அவரு டேபிள்ல ராத்திரி தங்காது. "முடியும்னா கையெழுத்து போடுங்க, முடியாதுன்னா என்ன காரணம்னு எழுதி அவங்க கையில குடுங்க, பாப்போம்னு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க"ன்னு சொல்வாரு. ஒரு ஆள நாலு தடவை பஸ் ஏத்தி வரவைக்கிறது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவரு கீழ வேலை பாத்தது என் அதிர்ஷ்டம்.

நாமினி போடாத கணக்கோட கஷ்டத்த கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும். ஒரு அக்கா, வீட்டுக்காரரு நெஞ்சுவலில திடீர்னு போயிட்டாரு, சேமிப்பு மொத்தமும் அவரு ஒருத்தர் பேர்ல, ஜாயிண்ட்டும் இல்ல நாமினியும் இல்ல. இ-சேவை மூலமா வாரிசு சான்றிதழுக்கு மனு போட்டு, அது தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வந்து, துபாய்ல இருக்குற மகன் கையெழுத்து வந்து, கட்டிக் குடுத்த மகள் சம்மதம் எழுதிக் குடுத்து... அந்தக்கா ஒவ்வொரு தடவையும் ஜவுளிக்கடை கட்டப்பையில எல்லா பேப்பரையும் போட்டு எடுத்துட்டு வருவாங்க, ஒரு பேப்பர் கேட்டா மொத்தத்தையும் கவுண்டர் மேல பரப்பி வச்சு அவங்களே தேடுவாங்க. அவங்க பணம்தான், அவங்க வீட்டுக்காரரு ஓவர்டைம் பாத்து சேத்த பணம்தான், ஆனா ஆஸ்பத்திரி பாக்கியக் கட்ட வெளிய வட்டிக்கு வாங்க வேண்டியதாப்போச்சு. அந்த மனுஷன் எத்தன தடவை நம்ம கவுண்டருக்கு வந்து போயிருப்பாருன்னு நெனைக்கும்போது தொண்டைய அடைக்கும்.

இப்படி கேக்க ஆளில்லாத பணம் பத்து வருஷம் அப்படியே கெடந்தா ரிசர்வ் பேங்க் 2014ல ஆரம்பிச்ச டெபாசிட்டர் விழிப்புணர்வு நிதிக்குப் போயிரும். போனாலும் உரிமை போகாது, பேங்க்ல கேட்டு வாங்கலாம், எந்த பேங்க்ல இருக்குன்னு தேட 2023ல உத்கம்னு ஒரு போர்ட்டலும் வந்துருச்சு. ஆனா இருக்குன்னு தெரிஞ்சாத்தானே தேடுவாங்க.

நான் செய்றது ஒண்ணே ஒண்ணுதான், ஃபார்ம கையில குடுத்து வீட்டுக்கு அனுப்புறதில்ல. வீட்டுக்குப் போன ஃபார்ம் திரும்பி வராது. வரி புடிக்காம இருக்க ஃபார்ம் குடுக்க வந்தாலோ லைஃப் சர்ட்டிபிகேட் குடுக்க வந்தாலோ சிஸ்டத்துல பாத்துட்டு, இல்லன்னா அங்கயே பேனாவ குடுத்து உக்கார வச்சு எழுத வச்சிருவேன். கைநாட்டுன்னா ரெண்டு சாட்சி வேணும், கையெழுத்துன்னா சாட்சி தேவையில்ல. ரெண்டு புள்ளைங்கள்ல யாருன்னு முழிக்கிறவங்களுக்கு டெபாசிட்ட ரெண்டு ரசீதாப் பிரிச்சு ஆளுக்கொரு பேரு போடச் சொல்லிக்கிட்டிருந்தேன், 2025 நவம்பர் 1ஆம் தேதியில இருந்து டெபாசிட்டுக்கு நாலு பேரு வரைக்கும் போட்டு ஆளுக்கு இத்தன சதவீதம்னு எழுதலாங்கிறதால அந்தப் பிரச்சினையும் இப்ப தீந்துபோச்சு.

உங்க பாஸ்புக்க எடுத்து முதல் பக்கத்தப் பாருங்க, நாமினேஷன் பதிவாயிருக்குன்னு பிரிண்ட் ஆகியிருக்கணும். இல்லன்னா நாளைக்கே கிளைக்குப் போங்க, நாமினியோட முழுப்பேரு, அட்ரஸ், வயசு தெரிஞ்சா போதும், ஃபார்ம் குடுத்ததுக்கு அக்னாலெட்ஜ்மென்ட் கேட்டு வாங்கிக்கோங்க. மாசத்து முதல் வாரம் பென்ஷன் கூட்டம் இருக்கும், பத்தாம் தேதிக்கு மேல மத்தியானமா போனீங்கன்னா பத்து நிமிஷத்துல முடிச்சுட்டு வந்துரலாம்.